மாமன் மகளைக் கட்டிய டார்வினும் பொதிகைக் காட்டுக்கோழியும்

பாபநாசத்துல இருந்து காரையாறு போகிற காலை பஸ்ஸில் உங்களுக்கு ஜன்னல் சீட் கிடைச்சிருக்கா? கிடைச்சா, முண்டந்துறை பக்கம் வரும்போது போனைக் கொஞ்ச நேரம் பையில் போட்டுட்டு ரோட்டோரம் பாருங்க. அதிர்ஷ்டம் இருந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு சேவல் புதருக்குள் இருந்து எட்டிப் பார்க்கும். பஸ் சத்தம் கேட்டதும் விருட்டுனு உள்ளே ஓடிடும். அதுதான் நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையின் காட்டுக்கோழி.

அதன் கழுத்து இறகைப் பக்கத்தில் பார்த்தவங்க மறக்க மாட்டாங்க. ஒவ்வொரு இறகிலும் மெழுகை உருக்கிச் சொட்டு விட்ட மாதிரி வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள். அந்தப் புள்ளி மட்டும் இறகு மாதிரி மெத்துனு இருக்காது, நகம் மாதிரி கெட்டியாக மினுமினுக்கும். இந்த மினுமினுப்புதான் அதற்கு எமனாகவும் வந்தது. தூண்டிலில் பூச்சி மாதிரி கட்டி மீனை ஏமாற்ற, இங்கிலாந்துக்காரர்கள் இந்த இறகை ஒரு காலத்தில் ஏகத்துக்கும் வாங்கினார்கள். பிறகு இந்தியா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. இன்றைக்கு அதைப் பிடித்தாலோ சுட்டாலோ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கேஸ்தான்.

இந்தக் கோழியை உயிரோடு அதன் காட்டில் ஒரு தடவைகூடப் பார்க்காத ஒரு மனுஷன், லண்டன் பக்கத்துக் கிராமத்து வீட்டில் உட்கார்ந்து அதைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதினார். உலகத்தில் இருக்கிற வீட்டுக்கோழி எதற்கும் இது மூதாதை கிடையாது என்பதுதான் அந்தத் தீர்ப்பு. எழுதியவர் சார்லஸ் டார்வின்.

டார்வின் என்றால் நமக்கு டக்குனு குரங்கும் மனுஷனும்தான் ஞாபகம் வரும். ஆனா, அவர் பல வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டது புறாக்கள், கோழிகள், அவற்றின் இறகுகள் மேலதான். பந்தயக்காரர்களும் கண்காட்சிக்காரர்களும் சேவலைத் தேர்ந்தெடுத்து ஜோடி சேர்க்கிற விதத்தைப் பார்த்துத்தான் தன் கொள்கைக்குப் பாதி பலம் சேர்த்தார். அதே கோழிக்கூண்டில் இருந்துதான் அவர் வாழ்க்கையின் பெரிய பயமும் வந்தது. காரணம், அவர் கட்டியிருந்தது சொந்த மாமன் மகளை.

பெண் கொடுத்து பெண் எடுத்த குடும்பம்

1809 பிப்ரவரி 12-ம் தேதி இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் பிறந்தார் டார்வின். அப்பா ஊரறிந்த டாக்டர். அம்மா சூசன்னா, பீங்கான் பாத்திரத்தில் கோடிகளைப் பார்த்த வெட்ஜ்வுட் குடும்பத்துப் பெண். சார்லஸுக்கு 8 வயது இருக்கும்போதே அம்மா இறந்துட்டாங்க. விடுமுறை விட்டால் பையன் ஓடுவது மாமா ஜோசையா வெட்ஜ்வுட் வீட்டுக்குத்தான். நம்ம ஊர் பிள்ளைகள் மே மாச லீவுக்கு ஆச்சி வீட்டுக்கு ஓடுற மாதிரியே.

டாக்டருக்குப் படிக்க எடின்பரோ அனுப்பினார் அப்பா. மயக்க மருந்து இல்லாத காலத்து ஆபரேஷனைப் பார்த்துப் பயந்து, படிப்பைப் பாதியிலேயே விட்டுட்டார் மகன். ஆனால், அங்கே ஒரு உருப்படியான வேலை கற்றுக்கொண்டார். கயானாவில் அடிமையாக இருந்து விடுதலையான ஜான் எட்மன்ஸ்டன் என்ற கறுப்பினத்தவர், பறவைகளைத் தோலுரித்துப் பஞ்சடைத்துப் பாடம் பண்ணுவதில் கெட்டிக்காரர். அவரிடம் காசு கொடுத்துத் தொழில் கற்றார் டார்வின். இறகு கலையாமல் தோலை எடுப்பது எப்படி என்று அவர் கைக்குப் பழக்கியது எந்தப் பேராசிரியரும் இல்லை, எட்மன்ஸ்டன்தான்.

அடுத்து கேம்பிரிட்ஜ். பிறகு 1831 டிசம்பரில் பீகிள் கப்பல் பயணம். அதை ஸ்கூல் பாடத்திலேயே படிச்சிருப்பீங்க, அதனால் சுருக்கமாகப் போயிடலாம். கிட்டத்தட்ட 5 வருஷம் உலகத்தைச் சுற்றிவிட்டு 1836 அக்டோபரில் வீடு திரும்பினார். கப்பல் இந்தியப் பெருங்கடல் வழியாகத்தான் வந்தது. கோகோஸ் தீவு, மொரீஷியஸ் எல்லாம் இறங்கினார். இந்தியாவில் மட்டும் கால் வைக்கவே இல்லை.

ஊர் திரும்பியவருக்குக் கல்யாண யோசனை. கட்டலாமா வேண்டாமா என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்து, லாபம் நஷ்டம் கணக்கு எழுதிய ஆள் இவர். கடைசியில் கட்டலாம் பக்கம் ஜெயித்தது. பொண்ணு தேட வேற எங்கேயும் போகவில்லை. 1839 ஜனவரி 29-ம் தேதி மாமா ஜோசையாவின் மகள் எம்மாவைக் கட்டினார். அதற்கு முன்பே, 1837-ல், டார்வினின் அக்கா கரோலின் எம்மாவின் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார். பெண் கொடுத்து பெண் எடுத்த கதை. அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ யாராவது ஒரு தாத்தாவிடம் இதைச் சொன்னால், நல்ல குடும்பம்தான், சொத்து வெளியே போகவில்லை என்று தலையாட்டுவார்.

1842-ல் கென்ட் மாவட்டத்து டவுன் கிராமத்தில் ஒரு பெரிய வீடு வாங்கிக் குடியேறினார்கள். மொத்தம் 10 பிள்ளைகள். குடியேறிய அதே வருஷம் பிறந்த மேரி எலினார் சில வாரங்களிலேயே போய்விட்டது. பிள்ளைகளில் அப்பாவுக்கு ரொம்பச் செல்லம் ஆனி. 1851-ல் அவளுக்கு உடம்பு முடியாமல் போக, தண்ணீர் சிகிச்சைக்காக மால்வெர்ன் ஊருக்குக் கூட்டிப் போனார். எம்மா நிறைமாதக் கர்ப்பிணி, கூட வர முடியவில்லை. ஏப்ரல் 23-ம் தேதி, 10 வயதில், அப்பாவின் கண் முன்னாலேயே ஆனி இறந்தாள். அடக்கத்துக்குக்கூட நிற்காமல் மனைவியைத் தேடி வீட்டுக்கு ஓடினார் டார்வின்.

அவருக்கும் உடம்பு சரியில்லை. வாந்தி, வயிற்று வலி, படபடப்பு என்று வாழ்நாள் முழுக்க அவதிப்பட்டவர். தன் சீக்குதான் பிள்ளைகளுக்கும் போயிருக்குமோ என்ற நினைப்பு அப்போதே உள்ளே விழுந்துவிட்டது. கோழிகள் வந்ததும் அந்த நினைப்பு இன்னும் பெரிதானது.

ஊரே கோழிப் பைத்தியம் பிடித்து அலைந்த காலம்

1840-களில் இங்கிலாந்தில் ஒரு கூத்து நடந்தது. சீனாவில் இருந்து வந்த பெரிய, புசுபுசுனு கால்வரை இறகு மூடிய கோழிகள் விக்டோரியா மகாராணியின் பண்ணைக்குப் போயின. பெயர் கொச்சின் கோழி. நம்ம கேரளத்துக் கொச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஏதோ குழப்பத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். ராணி வளர்த்தால் ஊர் சும்மா இருக்குமா? பிரபுவில் இருந்து மளிகைக்கடைக்காரர் வரை எல்லாரும் கோழி வாங்க ஆரம்பித்தார்கள். 1845 ஜூனில் லண்டன் விலங்கியல் பூங்காவில் பெரிய கோழிக் கண்காட்சி நடந்தது. கூண்டுக்குள் சேவல், வெளியே நடுவர்கள், கையில் மார்க் ஷீட்.

இது நமக்குப் புரியாத உலகம் இல்லை. திண்டுக்கல் பக்கம் நடக்கிற கிளிமூக்கு, விசிறிவால் சேவல் கண்காட்சிகளின் வீடியோ உங்க ஃபீடில் கண்டிப்பாக வந்திருக்கும். மூக்கு கிளி மாதிரி வளைந்திருக்கணும், வால் நீளமாகத் தரையைத் தொடணும், இறகு உடம்போடு ஒட்டிப் பளபளனு இருக்கணும். சண்டைக்கு விடுகிற சேவல் வேறு, மேடையில் நிற்கிற சேவல் வேறு. அங்கே ஒரு இறகு ஒடிந்திருந்தாலும் ஓனர் முகம் செத்துப்போகும்.

அந்த இறகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். நடுத்தண்டில் இருந்து இரண்டு பக்கமும் இழைகள் கிளம்பும். ஒவ்வொரு இழையிலும் அதைவிடப் பொடியான இழைகள். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொண்டு ஜிப் போட்ட மாதிரி இறகை ஒரே தகடாகப் பிடித்து வைப்பது அந்தக் கொக்கிகள்தான். கோழி வாலடியில் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்து, இறகைக் கோதிவிடுகிறதே, அது பிரிந்த ஜிப்பைத் திரும்பப் போடுகிற வேலை. பட்டுக்கோழி என்கிற சில்கி இனத்தில் இந்தக் கொக்கிகள் சரியாக மாட்டாது. அதனால்தான் அது பூனைக்குட்டி மாதிரி முடியோடு இருக்கு.

இறகு முழுக்க முழுக்கப் புரதம். வருஷத்துக்கு ஒரு தடவை பழைய இறகு கொட்டிப் புதுசு முளைக்கும்போது தீனியில் புரதம் குறைந்தாலோ, சேவல் பயந்து மிரண்டாலோ, அந்த நாளின் கணக்கு இறகின் குறுக்கே மெல்லிய கோடாக விழுந்துவிடும். பிறகு என்னதான் தேய்த்துக் குளிப்பாட்டினாலும் அடுத்த இறகு முளைக்கிற வரை அந்தக் கோடு போகாது. நிறம், வடிவம், பளபளப்பு மூன்றையும் ஒரே சேவலில் கொண்டு வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தீனி பாதி, வம்சம் மீதி.

இந்த வம்சம் என்கிற பாதியைத்தான் டார்வின் பிடித்துக்கொண்டார். 1855-ல் வீட்டில் புறாக்கூடு கட்டினார். லண்டன் புறா கிளப்புகளில் மெம்பர் ஆனார். பீர் வாசமும் புகையிலைப் புகையும் நிறைந்த இடங்களில், சாதாரணத் தொழிலாளிகளோடு சமமாக உட்கார்ந்து, எந்த ஜோடி சேர்த்தால் எந்த இறகு வரும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பெரிய வீட்டு மனிதர், கையில் நோட்டு, எதிரே புறாக்காரர். எனக்கு அவர் வாழ்க்கையிலேயே ரொம்பப் பிடித்த காட்சி இது. கோழி விஷயத்தில் அவருக்குக் குரு மாதிரி இருந்தவர் வில்லியம் டெகட்மயர் என்ற கண்காட்சி நிபுணர். சேவலின் கொண்டையில் இருந்து கால் நகம் வரை சந்தேகம் கேட்டு அவருக்கு டார்வின் போட்ட கடிதங்களுக்குக் கணக்கே இல்லை.

செத்த பறவைகளை வேகவைத்து எலும்பெடுக்கிற வேலையும் வீட்டிலேயே நடந்தது. நாற்றம் தாங்காமல் அவருக்கும் வேலைக்காரருக்கும் குமட்டிக்கொண்டு வர, கடைசியில் அந்த வேலையை வெளியே கொடுத்துவிட்டார்.

உலகம் முழுக்க இருந்த வியாபாரிகள், அதிகாரிகள், டாக்டர்களுக்கு எழுதி உள்ளூர்க் கோழி, புறாத் தோல்களை அனுப்பச் சொன்னார். அந்த வரிசையில் 1856 ஜனவரியில் ஒரு கடிதம் மதராஸுக்கும் வந்தது. வாங்கியவர் இங்கே அதிகாரியாக இருந்த வால்டர் எலியட். கல்கத்தாவில் அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பிளித் இன்னொரு பக்கம் நீள நீளமான கடிதங்களில் இந்தியக் காட்டுக்கோழிகளின் கதையை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். டார்வின் இந்தியாவுக்கு வரவில்லை. இந்தியக் கோழிகள் அவர் மேஜைக்குப் போயின.

காகிதத்தில் எழுதினால் கொண்டை நிமிரும்

கண்காட்சிகளில் டார்வினை அசத்திய விஷயம் ஒன்று உண்டு. ஸ்பானிஷ் சேவலுக்குக் கொண்டை நிமிர்ந்து நிற்கணும் என்று நடுவர்கள் விதி எழுதினார்கள். நாலைந்து வருஷத்தில் நல்ல சேவல் எல்லாவற்றுக்கும் கொண்டை நிமிர்ந்துவிட்டது. போலிஷ் கோழிக்குத் தாடி இறகு வேணும் என்று விதி வந்தது. 1860-ல் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் 57 கூண்டு, 57-லும் தாடி. யாரும் மந்திரம் போடவில்லை. தாடி இல்லாததை ஒதுக்கி, தாடி உள்ளதை மட்டும் ஜோடி சேர்த்தார்கள், அவ்வளவுதான். ஒரு கமிட்டியின் விதிக்கு நாலைந்து வருஷத்தில் இவ்வளவு முடியும் என்றால், பசியும் குளிரும் பகையும் லட்சக்கணக்கான வருஷம் தேர்வு செய்தால் என்னதான் ஆகாது? 1859 நவம்பரில் வந்த அவருடைய புத்தகத்தின் முதல் அத்தியாயம் வளர்ப்புப் பிராணிகளில் தொடங்குவது இதனால்தான்.

அவரே ஒரு சோதனையும் செய்தார். கரிக்கட்டை மாதிரிக் கறுப்பான ஸ்பானிஷ் சேவலை, பாலாக வெளுத்த பட்டுக்கோழிப் பெட்டையோடு சேர்த்தார். இரண்டுமே கலப்பில்லாத வம்சம். குஞ்சுகள் பெரும்பாலும் கறுப்பாகவே வந்தன. ஆனால், அதில் ஒரு சேவல் வளர வளர ஆரஞ்சும் சிவப்பும் பச்சை கலந்த கறுப்புமாக மாறி, அசல் வட இந்தியச் செங்காட்டுக்கோழி மாதிரியே நின்றது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்த பிள்ளைக்குத் தங்க நிறம்! எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இருந்த பூட்டனின் சட்டையைப் பேரன் போட்டுக்கொண்டு வந்த மாதிரி.

இதை வைத்தும், பிளித் அனுப்பிய தகவல்களை வைத்தும்தான் எல்லா வீட்டுக்கோழிக்கும் செங்காட்டுக்கோழிதான் பாட்டன் என்று முடிவுக்கு வந்தார். 1868-ல் வந்த பெரிய புத்தகத்தில் நம்ம சாம்பல் காட்டுக்கோழிக்கும் ஒரு இடம் ஒதுக்கி, ஏன் அது பாட்டன் இல்லை என்று காரணங்களை அடுக்கினார். அந்த மெழுகுப் புள்ளி இறகு எந்த வீட்டுக்கோழியிடமும் கிடையாது. கொண்டையின் பல் வரிசை வேறு. கூவுகிற குரலே வேறு. பிளித் அதை வீட்டுக்கோழியோடு கலந்து கிட்டத்தட்ட 100 குஞ்சு எடுத்தார், பெரும்பாலும் சின்னதிலேயே செத்தன, மிஞ்சியவை மலடு.

ஆனால், நேர்மையான மனுஷன். தன் முடிவுக்கு எதிராக இருந்த ஒரு தகவலையும் மறைக்காமல் அதே இடத்தில் சேர்த்தார். லண்டன் விலங்கியல் பூங்காவில் இருந்த இதே மாதிரிக் கலப்புக் கோழிகள் முழு மலடு இல்லை, ஒரு பேண்டம் கோழியோடு சேர்த்தபோது சில நோஞ்சான் குஞ்சுகள் பொரித்தன என்று எழுதிவைத்தார். இந்த நோஞ்சான்களை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கூமுட்டைகள்

இப்போ விஷயத்தின் சங்கடமான பக்கம். ஒரு அழகான இறகு அமைப்பு கிடைத்துவிட்டால் அதை நிலைநிறுத்த கோழிக்காரர்கள் செய்வது என்ன? அண்ணன் தங்கையைச் சேர்ப்பது, அப்பனையும் மகளையும் சேர்ப்பது. ரத்தம் ஒன்றாக இருந்தால் இறகும் ஒன்றாக வரும்.

இதில் கில்லாடி சர் ஜான் செப்ரைட். டார்வின் பிறந்த அதே 1809-ல் பிராணி இனவிருத்தி பற்றி ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டவர். கையடக்கமான ஒரு பேண்டம் கோழியை உருவாக்கினார். பொன்னிறமோ வெள்ளி நிறமோ, ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் பேனாவால் கோடு போட்ட மாதிரி கறுப்புக் கரை. சேவலுக்கும் பெட்டைக்கும் ஒரே மாதிரி இறகு. இன்றைக்கும் அது அவர் பெயரில்தான் இருக்கு.

அதே செப்ரைட்தான், நெருங்கிய ரத்தத்தையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் கோழிகள் கால் நீண்டு, உடம்பு சிறுத்து, முட்டைக்கு உதவாமல் போகின்றன என்றும் சொல்லிவைத்தார். அவருக்குப் பிறகு அந்த பேண்டம் வம்சத்துக்கு நடந்ததும் அதுதான். அடை வைத்த இரண்டு கூடு நிறைய முட்டைகளில் இருந்து ஒரு வருஷம் ஒரு குஞ்சுகூட வராத கதையை டார்வின் தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். கரை போட்ட இறகு அப்படியே இருந்தது, முட்டை எல்லாம் கூமுட்டை.

எங்க ஊரில் சேவல் வளர்க்கிற ஒரு அண்ணாச்சி இருக்கார். நாலு தலைமுறைக்கு ஒரு தடவையாவது வெளியூர்ச் சேவலை இறக்கிடுவார். ஏன் என்று கேட்டால் விளக்கம் எல்லாம் சொல்ல மாட்டார், ஒரே பஞ்சாரத்துக்குள்ளேயே சுத்துனா குஞ்சு நிக்காதுல என்பார். டார்வின் அதைத்தான் பத்திப் பத்தியாக எழுதினார். வித்தியாசம் என்னவென்றால், எழுதும்போது பக்கத்து அறையில் அவருடைய பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள்.

1858 ஜூன் மாதத்தை எடுத்துக்கோங்க. வாலஸ் என்ற இளைஞரிடம் இருந்து ஒரு கட்டுரை வருகிறது, தன்னுடைய 20 வருஷ யோசனை அப்படியே அதில் இருக்கிறது. அதே நாட்களில் வீட்டில் விஷக்காய்ச்சல். ஜூன் 28-ம் தேதி கடைக்குட்டி சார்லஸ் வேரிங், இரண்டு வயதுகூட ஆகாத குழந்தை, செத்துப்போனது. ஜூலை 1-ம் தேதி லண்டனில் டார்வின், வாலஸ் இருவரின் கட்டுரைகளும் சேர்த்து வாசிக்கப்பட்டன. உலகத்தையே புரட்டிப்போட்ட அந்தக் கூட்டத்துக்கு டார்வின் போகவில்லை. வீட்டில் துக்கம்.

10-ல் 3 போச்சு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பிள்ளைகள் சாவது சாதாரணம்தான், ஆனியின் சாவுக்கும் சொந்தத்துக் கல்யாணத்துக்கும் சம்பந்தம் இருந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்வோம். கோழிக் கணக்கு தெரிந்த மனுஷனுக்கு அந்த ஆறுதல் போதவில்லை. செடிகளில் தன்னோடு தானே சேருவதற்கும் அந்நியச் செடியோடு சேருவதற்கும் என்ன வித்தியாசம் என்று 11 வருஷம் தோட்டத்தில் சோதனை செய்தார். 1876-ல் புத்தகமாக வந்தது. பெரும்பாலும் வெளிக்கலப்பில் பிறந்தவைதான் உயரமும் பலமும்.

மனுஷனுக்கும் அப்படியா? அதற்குக் கணக்கு வேணுமே. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், உங்கள் கல்யாணம் அத்தை, மாமன் வழிச் சொந்தத்திலா என்று ஒரே ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லி, எம்.பி-யாக இருந்த நண்பர் ஜான் லப்பக் மூலம் 1870-ல் முயற்சி செய்தார். நாடாளுமன்றம் ஏளனம் பண்ணி நிராகரித்துவிட்டது. விக்டோரியா மகாராணியே கட்டியிருந்தது மாமன் மகனைத்தான், அந்த நாட்டில் இதை யார் கேட்பது? டார்வினுக்குக் கோபம் ஆறவில்லை. அடுத்த வருஷப் புத்தகத்திலேயே அந்த எம்.பி-க்களின் அறியாமையைச் சாடிவிட்டார்.

பிறகு மகன் ஜார்ஜ் களத்தில் இறங்கினார். மனநல விடுதிகளுக்கு எழுதியும், கல்யாண அறிவிப்புகளைப் புரட்டியும் அவர் 1875-ல் சொன்ன முடிவு, பாதிப்பு இருக்கலாம், ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் நிம்மதி. தாங்கள் கலந்த ரத்தத்தின் விளைவைத் தானே ஒரு மகன் உட்கார்ந்து கணக்குப் போடுகிற குடும்பத்தை நினைச்சுப் பாருங்க.

2010-ல் டிம் பெர்ரா என்ற அமெரிக்க விலங்கியல் அறிஞரும் ஸ்பெயின் நாட்டு மரபியலாளர்கள் இருவரும் டார்வின், வெட்ஜ்வுட் வம்சாவளியை எடுத்து அளந்தார்கள். டார்வின் பிள்ளைகளின் உட்கலப்பு அளவு 0.063. சாதாரண மாமன் மகள் கல்யாணத்தில் வருவதைவிட ஒரு துளி அதிகம், ஏனென்றால் எம்மாவின் தாத்தா பாட்டியே தூரத்துச் சொந்தம். அண்ணன் தங்கைக் கோழி ஜோடி என்றால் இது 0.25 ஆகும், அக்காள் மகளைக் கட்டினால் 0.125. தமிழ்நாட்டில் இன்னமும் நடக்கிற கல்யாணங்கள் இவை, அதனால் இந்த எண்கள் வெறும் சரித்திரம் இல்லை. பிழைத்த 7 பிள்ளைகளில் 6 பேர் கல்யாணம் கட்டினார்கள், அதில் 3 பேருக்குக் குழந்தை இல்லை. மறுபக்கம், ஜார்ஜ், பிரான்சிஸ், ஹொரேஸ் என்று 3 மகன்கள் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள் ஆனார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லணும்.

மஞ்சள் கால்

1882 ஏப்ரல் 19-ம் தேதி டவுன் கிராமத்து வீட்டில், எம்மா பக்கத்தில் இருக்க, 73 வயதில் டார்வின் இறந்தார். உள்ளூர் சர்ச்சில் அடக்கம் செய்யத்தான் குடும்பம் நினைத்தது. நண்பர்கள் விடாமல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் வாங்கினார்கள். எம்மா அதற்குப் பிறகு 14 வருஷம் வாழ்ந்தார்.

அவர் போய் 17 வருஷம் கழித்து, 1899-ல், அலெக்சாண்டர் ரே தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பைத் தோண்ட ஆரம்பித்தார். தாழிகளோடு கிடைத்த வெண்கலப் பொருட்களில் எருமை, புலி, யானை உருவங்களோடு சேவலும் இருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் சேவலும் மனுஷனும் சேர்ந்து வாழ்கிற கதை அவ்வளவு பழசு. கீழே ஊரில் வீட்டுக்கோழி, மேலே மலையில் சாம்பல் காட்டுக்கோழி, இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலிகூடக் கிடையாது.

2008-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒரு சின்னக் கேள்வியை எடுத்தார்கள். பல வீட்டுக்கோழிகளுக்குத் தோலும் காலும் ஏன் மஞ்சள்? தீனியில் இருக்கிற மஞ்சள் நிறமியைத் தோலிலேயே சிதைக்கிற ஒரு மரபணு உண்டு. அது தோலில் அடங்கிக் கிடந்தால் மஞ்சள் அப்படியே தங்கிவிடும். இந்த அடங்கிப்போன வடிவம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், டார்வின் சொன்ன செங்காட்டுக்கோழியிடம் அது இல்லை. பொருந்தி வந்தது அவர் தள்ளிவிட்ட சாம்பல் காட்டுக்கோழியோடு.

பாட்டன் செங்காட்டுக்கோழிதான், அதில் டார்வின் சரி. ஆனால், வீட்டுக்கோழி உருவான பிறகு, பெரும்பாலும் தெற்காசியாவில் எங்கேயோ, ஒரு சாம்பல் சேவல் காட்டில் இருந்து இறங்கி வந்திருக்கிறது. லண்டன் பூங்காவில் பிறந்த அந்த நோஞ்சான்கள் மாதிரி ஏதோ சில குஞ்சுகள் பிழைத்து, வளர்ந்து, திரும்ப வீட்டுக்கோழியோடு சேர்ந்திருக்கின்றன. மெழுகுப் புள்ளி இறகு எதுவும் மிஞ்சவில்லை. தோலின் நிறம் மட்டும் தங்கிவிட்டது.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எந்த பிராய்லர் கடையிலும் தலைகீழாகத் தொங்குகிற கோழிகளின் காலைப் பாருங்க. மஞ்சளாகத்தான் இருக்கும்.